பூட்டியிருந்த செவ்வாய்க்கிழமை

அவருடைய குறிப்பேட்டில் ஓர் அடித்தல்கூட இல்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நான் ஆலோசனை உளவியலாளர். திருமுல்லைவாயிலில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் ஏழு வருடங்களாக வேலை பார்க்கிறேன். உளவியலில் முதுகலை முடித்தவர்கள் எங்களிடம் ஒரு வருடப் பயிற்சிக்கு வருவார்கள். மையத்திலேயே ஓர் ஆலோசனை அறை உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்தும் ஆவடிப் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்தும் மனக்கஷ்டத்தோடு ஆட்கள் வருவார்கள். பயிற்சியில் இருப்பவர்கள் அவர்களோடு பேசிவிட்டு, என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். வாரம் ஒரு முறை அதை வைத்து அவர்களோடு உட்கார்வேன். எங்கே தவறினார்கள் என்று பார்ப்பதும், இவரை இனித் தனியாக விடலாமா கூடாதா என்று முடிவு செய்வதும் என் வேலை.

எங்கள் இயக்குநர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். அந்த வருடம் என்னைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைக் கொடுத்தார்.

"சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போடறேன். எதை வெச்சுப் போடறேன்னு எனக்கே தெரியல. நீங்க 'நல்லா பண்றாங்க'ன்னு சொல்றீங்க, நான் போட்டுடறேன். இது போதாதும்மா. ஒரு கவுன்சலருக்கு என்னென்ன திறன் இருக்கணும், அது இருக்குன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கறது, வரிவரியா எழுதிக் குடுங்க."

இரண்டு மாதம் எழுதினேன். ஒவ்வொரு திறனுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். ஒன்று என்றால் இன்னும் கைவரவில்லை, நான்கு என்றால் தனியாக விடலாம். 'குறுக்கிடாமல் கேட்டல்' என்பது முதல் வரி. எழுதிய கையோடு ஒரு கேள்வி வந்தது. இதை நடிக்க முடியாதா? தலையைச் சாய்த்து 'ம்' கொட்டப் பழக ஒரு வாரம் போதும். அதை அடித்துவிட்டு, 'வந்தவர் சொல்லாததைத் தானாக இட்டு நிரப்பாமல் இருத்தல்' என்று எழுதினேன். இது கொஞ்சம் தேவலை. 'தன் எல்லை தெரிந்து நிறுத்துதல்.' 'வந்தவரின் ரகசியத்தைக் காத்தல்.' 'தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்லுதல்.' ஒவ்வொரு வரியையும், இதை ஒருவர் எப்படி ஏமாற்றலாம் என்று யோசித்து யோசித்தே எழுதினேன். அதற்கு நான் கவனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

பட்டியலை அந்த வருடத்து ஆறு பேரிடம் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐந்து பேர் இருபதுகளில் இருந்தார்கள். ஆறாவது ஒரு பெண்மணி. நாற்பத்தாறு வயது, என்னைவிட எட்டு வயது மூத்தவர். அம்பத்தூரிலேயே பிறந்தவர். தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபது வருடம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்திருக்கிறார். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம், பிறகு எம்.எஸ்சி. 'ஷிஃப்ட்ல பொண்ணுங்க எங்கிட்ட வந்து அழுவாங்க மேடம். என்ன சொல்லணும்னு தெரியாமலே ஏதேதோ சொல்லிட்டிருந்தேன். தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்' என்று நேர்காணலில் சொன்னார்.

எங்களிடம் வார்த்தைகளைத் தேடித்தேடிப் பேசுவார். மாடிப்படியில் நின்று வீட்டாரோடு போனில் பேசும்போது, "இன்னா", "வந்துகினே கீறேன்" என்று வேறொரு தமிழ் தடையில்லாமல் ஓடும். எங்களில் யாரையாவது கண்டால் நின்றுவிடும். நான் சேலத்திலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட்டில் குடியிருப்பவள். அந்தத் தமிழ் நின்றுபோவதை நான் ஒரு மறைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

மற்ற ஐவரின் குறிப்பேடுகள் கந்தல் மாதிரி இருக்கும். அம்புக்குறி, அடித்தல், ஓரத்தில் 'இங்கே தடுமாறிவிட்டேன்' என்று ஒரு புலம்பல். இவருடையதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஓரம், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஒரு பக்கத்துக்கு மணிமணியான கையெழுத்து. உயிருள்ள இருவர் ஐம்பது நிமிடம் பேசினால் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா? மற்றவர்கள், வந்தவரின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து எனக்குப் போட்டுக் காட்டுவார்கள். இவர் ஒருமுறைகூடக் கொண்டுவரவில்லை.

"ஒத்துக்க மாட்டேங்கறாங்க மேடம்" என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார்.

அப்போது அவரிடம் ஒரே ஒருவர்தான் வந்துகொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பருத்திப்பட்டில் வீடு, தொழிற்பேட்டையில் அலுவலக வேலை. பெர்மிஷன் போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வருவாள். குறிப்பேட்டின்படி பிரச்சினை தூக்கமின்மை. வராந்தாவில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மதியமே மாடிப்படிக் கதவைப் பூட்டிவிட்டு, யாரும் வர வேண்டாம் என்று பயிற்சியில் இருப்பவர்களுக்கு வாட்ஸப்பில் செய்தி போட்டோம்; தங்களிடம் வருபவர்களுக்கு அவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து, மதிப்பெண் போடுவதற்காக அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே இருந்தது. நாலு ஐந்து முதல் நாலு ஐம்பத்தைந்து வரை. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்.

நான் அவரிடம் நேரே கேட்கவில்லை. வாராந்தரச் சந்திப்பில் சுற்றி வளைத்து, "அந்த மழையில எல்லாருக்கும் சிரமமா இருந்திருக்குமே?" என்றேன்.

"மழைக்கு என்ன மேடம், நம்ம ஊர்தானே" என்றார்.

அவ்வளவுதான். என் மனத்தில் அதையும் ஒரு தடயமாக எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வானகரம் போகும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஸ்கூட்டரில் ஆவடி வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன். ஆவடி பஸ் ஸ்டாண்டு அருகே சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் நின்ற பூந்தமல்லி பஸ்ஸின் ஜன்னலில் அந்தப் பெண். அவளுக்கு அடுத்த இருக்கையில் என்னிடம் பயிற்சியில் இருந்த அந்தப் பெண்மணி. இவருக்கு வீடு அம்பத்தூரில், அதாவது நேர் எதிர்த்திசையில். ஆலோசனைக்கு வருபவரோடு வெளியே பழகக் கூடாது என்பது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

பஸ்ஸின் பின்னாலேயே போனேன். பருத்திப்பட்டு நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். எதிர்ப்புறம் ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தப் பெண் ஏரிக்கரைப் பக்கம் போகும் தெருவுக்குள் நடந்தாள். அவள் திருப்பத்தில் மறையும்வரை இவர் நின்றார். பிறகு சாலையைக் கடந்து என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் வந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்ற சந்தோஷம்.

மறுநாள் மதியம் மையத்துத் தொலைபேசியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். அவளுடைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கோப்பு இருக்கும் அலமாரியைத் திறந்தால் சாவிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் பெண்மணிக்குத் தெரிந்துவிடும். அதனால் வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"உங்க கவுன்சலிங் எப்படிப் போகுதுன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன். அந்த மழை பெஞ்ச செவ்வாய்க்கிழமை வந்திருந்தீங்களா?"

மறுமுனையில் அலுவலகச் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "எதுக்குக் கேக்கறீங்க? அவங்க எதாவது சொன்னாங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்த வியாழக்கிழமை காலை அந்தப் பெண்மணி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"நீங்க அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணீங்களா மேடம்?"

"ஆமா. பொதுவா ஒரு கருத்து கேக்கலாம்னு..."

"இன்னா கருத்து? ஆறு பேரோட க்ளையண்ட்டுக்கும் பண்ணீங்களா?"

முதன்முறையாக என்னிடம் அந்தத் தமிழில் பேசினார்.

"போன் பண்ணக் கூடாதுன்னு அது ஃபாரத்துலயே எழுதிக் குடுத்துகீது. படிச்சீங்களா? அது ஊட்டுக்காரன் தெனமும் சாயந்திரம் போனை வாங்கி ஒவ்வொரு நம்பரா பாப்பான். லேண்ட்லைன் நம்பரைப் பாத்துட்டுத் திருப்பி போன் போட்டுகீறான். நம்ம ரிசப்ஷன்ல எடுத்து கவுன்சலிங் சென்டர்னு சொல்லிகீறாங்க. இப்ப ஆபீசுக்கு அவனே இட்டுகினு போறான், அவனே இட்டுகினு வரான். நேத்து ஆபீஸ்ல யாரோட போன்லயோ எனக்குப் பேசிச்சு. 'என்னை நீங்களும் சந்தேகப்பட்டீங்களா'ன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்ல?"

தூக்கமின்மை என்று மட்டும்தானே எழுதியிருந்தது?

"இதை நீங்க நோட்ல எழுதவே இல்லையே."

"எழுதாதீங்கன்னு கேட்டுக்கிச்சு. நோட்டை எத்தினி பேர் பாப்பீங்கன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரில. மொதல்ல ரஃப்ல எழுதுவேன். வெளிய தெரியக் கூடாததை எடுத்துட்டு ஃபேர் பண்ணுவேன். ரெக்கார்டிங்கும் அதுக்குத்தான் வேணாம்னுச்சு. தன் குரல் எங்கயோ ஒரு பொட்டில கீதுன்னாலே அதுக்கு பயம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றியும் சொன்னார். இவர் செய்தியைப் பார்க்கவில்லை, அதனால் அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை; இருவருமே தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார்கள். கதவு பூட்டியிருக்க, அந்தப் பெண் அங்கேயே நின்று அழ ஆரம்பித்திருக்கிறாள். ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பஸ்ஸில் போனது, கணவன் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பானோ என்று அவள் பயந்த ஒரே ஒரு நாள்.

"இதெல்லாம் தப்புன்னு எனக்குத் தெரியும் மேடம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம்னு ரெண்டு தபா வந்தேன். நீங்க மார்க் ஷீட்டைத் தொறந்து வெச்சிக்கினு உக்காந்திருந்தீங்க."

அவர் கதவருகே போய்த் திரும்பினார். "கம்பெனியில டவுட் வந்தா ஒரே ஒரு பீஸை எடுத்துப் பாக்க மாட்டோம். அதோட சேர்ந்து வந்த லாட் மொத்தத்தையும் பாப்போம். அந்தச் செவ்வாய்க்கெழமைக்கு மத்தவங்க நோட்டைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் போன பிறகு ஐந்து குறிப்பேடுகளையும் எடுத்து மேசையில் வைத்தேன். நான்கில் அந்தத் தேதியே இல்லை. ஐந்தாவதில் இருந்தது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணுடைய குறிப்பேடு அது. சரளமாக ஆங்கிலம் பேசுவாள், பதிவுகள் கொண்டுவருவாள். என் பட்டியலில் அவளுக்குத்தான் அதிகமான நான்குகள் போட்டிருந்தேன். ஐந்தேகால் முதல் ஆறு மணி வரை என்று எழுதியிருந்தாள். நடுவில் மூன்று அடித்தல்கள், ஓர் அம்புக்குறி, 'இங்கே தடுமாறிவிட்டேன்' என்று ஓரத்தில் ஒரு வரி.

கூப்பிட்டுக் கேட்டேன். இந்த முறை நேரே கேட்டேன். முதலில் தேதி மாறிவிட்டது என்றாள். பிறகு அழுதாள். அவளிடம் வந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார், சான்றிதழுக்கு வேண்டிய பயிற்சி மணிநேரம் குறைந்தது, அதனால் எழுதினேன் என்றாள். அடித்தல்களும் அவள் போட்டவைதான். நான் அடித்தல்களை விரும்புகிறேன் என்று வகுப்பிலேயே அவளுக்குப் புரிந்துபோயிருந்தது.

அன்றைக்கே இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கரி வாசலில் நின்றதையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவங்க மேல மட்டும் ஏன் சந்தேகம் வந்துச்சு?"

"நோட்டு ரொம்ப சுத்தமா இருந்துச்சு சார்."

"அது மட்டும்தானா?"

எனக்கு வாயில் வந்த பதில்கள் எதுவும் சொல்லக்கூடியவையாக இல்லை. கம்பெனியிலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர், மாடிப்படியில் வேறு தமிழ் பேசுபவர். இதில் எதுவும் என் பட்டியலில் இல்லை. ஆனால் மதிப்பெண் போடும்போது என் கையில் இருந்தது.

அந்த ஐ.டி. பெண் மணிநேரங்களை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவானது. மூத்தவருக்கு, வெளியிடத்தில் சந்தித்ததற்கும் கூடவே பஸ்ஸில் போனதற்கும் மறைத்ததற்கும், மூன்று மாதம் கூடுதல் பயிற்சி. அவர் மறுக்கவில்லை. "மறைச்சேன், அதுக்கு மார்க் குறைங்க. ஆனா நான் எழுதினது பொய்னு எங்கயும் எழுதாதீங்க" என்றார். இருவருக்கும் இனி மதிப்பெண் போடப்போவது நான் இல்லை. வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். நானும் என் வேலையை இன்னொரு மூத்த உளவியலாளரிடம் மாதாமாதம் எடுத்துப் போய்ப் பேச வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அவமானமாக இருந்தது. போனேன்.

அந்தப் பெண்ணுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. போன் செய்யக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது, வீட்டுப் பக்கம் போகவே கூடாது. காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் மிக மோசமானவற்றையெல்லாம் நினைத்தேன். ஒவ்வொரு செவ்வாயும் நான்கு மணிக்கு மூத்தவர் ஆலோசனை அறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, நான்கு ஐம்பது வரை தனியாக உட்கார்ந்திருப்பார். வராந்தாவில் போகும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை உணவு இடைவேளையில் அவள் வந்தாள். மூத்தவரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"என் ஃபைலைப் பாக்கணும்."

சாவிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்து கொடுத்தேன். என் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள். போன் செய்ய வேண்டாம் என்று அவளே எழுதிய வரி முதல் தாளிலேயே, தடித்த எழுத்தில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள். கடைசித் தாள் வந்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்க போன் பண்ணது இதுல இல்லையே?"

"இல்லை."

"எழுதுங்க."

எழுதினேன். தேதி, நேரம், என் பெயர், எதற்காகச் செய்தேன் என்பது. 'எதற்காக' என்ற இடத்தில் பேனா நின்றது. 'பயிற்சியில் இருப்பவர் மீது எனக்கிருந்த சந்தேகத்தைச் சரிபார்க்க' என்று எழுதினேன். வாங்கிப் படித்தாள். 'க்ளையண்ட்டின் சம்மதம் இல்லாமல்' என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கோப்பை மூடி என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப ஐயப்பன்தாங்கல்ல எங்க அக்கா வீட்டுல இருக்கேன்" என்றாள் கிளம்பும்போது. "உங்க போனாலதான் சண்டை பெருசாச்சு. அதனாலதான் இவ தப்பிச்சு வெளிய வந்தாள்னு நெனச்சு நீங்க நிம்மதி ஆயிடாதீங்க. நான் வர்ற நேரத்துக்கு நானே வெளிய வந்திருப்பேன். தயாராத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை என் கவுன்சலர் அக்காகிட்டயே வர்றேன், சொல்லிடுங்க."

நான் அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

பட்டியலை மறுபடியும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், மதிப்பெண் போடுகிறவருக்கு என்று தனியாகச் சில வரிகள் சேர்த்தேன். 'சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவரிடமே முதலில் கேட்டல்.' 'ஒருவரைச் சோதித்தால் எல்லோரையும் சோதித்தல்.' இயக்குநர் படித்துவிட்டு, "இதுக்கு மார்க் யார் போடறது?" என்றார். பயிற்சியில் இருப்பவர்கள் போடட்டும் என்றேன். அவர் கோப்பில் சேர்த்துக்கொண்டார். பக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. வருடக் கடைசியில் ஆறு தாள்கள் பெயரில்லாமல் வந்தன. அந்தக் கடைசிப் பக்கத்தின் முதல் வரிக்கு மூன்று பேர் எனக்கு ஒன்று போட்டிருந்தார்கள். கையெழுத்தை வைத்து எது யாருடையது என்று கண்டுபிடிக்க மனம் துடித்தது. தாள்களை உறைக்குள் போட்டு இயக்குநரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மூத்தவர் கூடுதல் மூன்று மாதத்தையும் முடித்தார். இப்போது தொழிற்பேட்டையிலேயே, பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் ஓர் இடத்தில் வாரம் இரண்டு நாள் ஆலோசகராக உட்காருகிறார். இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். ஆலோசனைக்கு வந்த அந்தப் பெண், தன்னை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு எழுதச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். மூத்தவர், "பேக்கரியை மட்டும் வுட்றாதீங்க" என்றார்.

போன மாதம் அவர் என்னிடம் ஒருவரை அனுப்பிவைத்தார். கூடவே வந்த கடிதத்தில் ஒரே வரி: 'இவருக்கு நேரம் கொடுத்துக் கேளுங்கள்.' வயது, பிரச்சினை, எத்தனை முறை பார்த்தார், எதுவும் இல்லை. போன் செய்து, ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதினீர்கள் என்று நேரே கேட்டேன்.

"மீதியை அவங்களே சொல்லட்டும் மேடம்" என்றார்.

சரி என்றேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே அழைத்தேன்.